கூரையை எப்போது, எத்தனை முறை சோதிப்பது

திருகோணமலையில் சொந்த வீட்டில் இருப்போர் கூரையை ஆண்டுக்கு இரு முறை சோதிக்க வேண்டும்: வடகீழ்ப் பருவமழைக்கு முன் செப்டெம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் பெப்ரவரி இறுதியில் மறுமுறை. ஒன்றுதான் முடியுமென்றால் செப்டெம்பரை விடாதீர்கள். தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் வீசிய வறண்ட கச்சான் காற்று ஓடுகளை அசைத்து, மரத்தை உலர்த்தி வெடிக்கச் செய்திருக்கும், மழை தொடங்கிவிட்டாலோ மேசனும் தச்சரும் எளிதில் கிடைக்கமாட்டார்கள்.

சோதனையை உள்ளிருந்து தொடங்குங்கள். ஓட்டு வீடாயின், நண்பகலில் கதவு சன்னல்களைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், சுவரில் தங்கும் கைமர நுனிகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள்: தடையின்றி இறங்கினால் உள்ளே உக்கலோ கறையானோ இருக்கிறது, வெளியே வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் அந்த மரத்தை மாற்றியே ஆக வேண்டும். முகட்டோட்டுச் சாந்தின் வெடிப்பையும் கூரைநீர் வடியும் பீலியில் அடைத்த சருகையும் பார்ப்பது சிறிய வேலை.

உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் தகரம் விரைவில் துருப்பிடிப்பதால், குறிப்பாக ஆணித் துளைகளைச் சுற்றி, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏறி நடக்கவோ, காய்ந்த பாசியைச் சுரண்டவோ வேண்டாம்; தகடு முறிந்தால் ஆள் விழுவார், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி போன்ற புயலுக்குப் பின், தவணை பாராமல், காற்று அடங்கியதும் கூரையைச் சோதியுங்கள்.