வயதான ஏரிக் கப்பல்கள்: பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே உள்ள பேரேரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்களின் வயதைக் கேட்டால், கடல் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். கடலில் 25, 30 வருடம் உழைத்த கப்பல் பெரும்பாலும் உடைப்புக்குப் போய்விடும். இங்கேயோ 1942-இல் கட்டிய ‘அல்பீனா’ என்ற சிமென்ட் கப்பல் 2020-களிலும் சரக்கு ஏற்றியது. 1906-இல் கட்டிய ‘செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்’ 2013 வரை சொந்த எஞ்சினில் ஓடியது. அதற்கப்புறம்தான் அதை, எஞ்சின் இல்லாமல் இழுவைப் படகு தள்ளும் பார்ஜாக மாற்றினார்கள்.

இவ்வளவு ஆயுளுக்குக் காரணம், ஏரித் தண்ணீரில் உப்பு இல்லாததுதான். பராமரிப்பில் நடக்கும் முதல் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘நன்னீர்தானே, தகடு எங்கே போய்விடும்’ என்று வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். வயதான ஏரிக் கப்பல் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டியில் தண்ணீரும் காற்றும் மாறி மாறிப் படுவதால், தண்ணீர் ஏறி இறங்கும் மட்டத்தில் தகடு மெலியும். தானாகச் சரக்கு இறக்கும் கப்பல்களில், சரக்கறைக்குக் கீழே கன்வேயர் பெல்ட் ஓடும் சுரங்கம் ஒன்று உண்டு. கந்தகமுள்ள நிலக்கரி நனைந்து வடியும் தண்ணீர் அங்கே தேங்கினால் இரும்பைத் தின்றுவிடும். துருச் செதிலின் மேலேயே பெயின்ட் அடித்தால் கண்ணுக்கு நன்றாக இருக்கும், கீழே தகடு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. செதிலைத் தட்டி எடுத்து, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து, போன முறை எடுத்த அளவோடு ஒப்பிட வேண்டும். பேரேரிகளில் மட்டும் ஓடும் கப்பல் பொதுவாக 5 வருடத்துக்கு ஒருமுறைதான் டிரை டாக் (தண்ணீரை வடித்து அடிப்பகுதியைப் பார்க்கும் தளம்) ஏறுகிறது. ஒரு இடத்தை விட்டுவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்.

உப்பு இல்லாவிட்டாலும் உலோகம் களைத்துப்போகும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏரிக் கப்பல் நீளமானது, ஒடுக்கமானது. பெரியவை 1,000 அடி நீளமும் 105 அடி அகலமும் கொண்டவை. ஒவ்வொரு அலைக்கும், ஒவ்வொரு ஏற்றி இறக்கலுக்கும் முதுகு வளைந்து நிமிர்கிறது. ஹேட்ச் வாயின் (சரக்கு ஏற்றும் மேல்தளத் திறப்பின்) மூலைகளிலும் பழைய வெல்டிங் முடியும் இடங்களிலும் விரிசல் பிறப்பது இதனால்தான். சரக்கை அவசரத்தில் ஒரே பகுதியில் கொட்டுவதும், பாலஸ்டை முறை தவறி இறைப்பதும் அந்த விரிசலை வளர்க்கும்.

அடுத்த தவறைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன்: ‘குளிர்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது. சுப்பீரியர் ஏரிக்குப் போகும் வழியில் கப்பல்களை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் சூ கால்வாய் மதகுகள் வழக்கமாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடியிருக்கும். கப்பல்கள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதச் சொச்சத்தில்தான் பெரிய வேலைகள் நடக்கும். அதனால் ஜூனில் தெரிந்த கோளாறும் ஜனவரிப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் பேரேரிகளின் மோசமான புயல்கள் வருவது அதற்கு முந்தைய நவம்பரில். 1927-இல் கட்டிய ‘கார்ல் டி. பிராட்லி’ கப்பலுக்கு 1958-59 குளிர்காலத்தில் 8 லட்சம் டாலர் செலவில் சரக்கறையைப் புதுப்பிக்க ஏற்பாடாகியிருந்தது. 1958 நவம்பர் 18 அன்று மிச்சிகன் ஏரியில் அது இரண்டாக உடைந்தது. 35 பேரில் 33 பேர் இறந்தார்கள். கண்ணுக்குத் தப்பிய பலவீனம் ஏதோ கப்பலின் உடலில் இருந்திருக்கலாம் என்பது கடலோரக் காவல்படைத் தலைமையின் கருத்து. பட்டியலில் சேர்க்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நவம்பரைத் தாங்குமா? தாங்காது என்றால் இப்போதே கப்பலை நிறுத்த வேண்டும்.

பழைய எஃகைப் புதிய எஃகு போல நடத்துவதும் ஆபத்து. 1906-இல் கட்டிய ‘டேனியல் ஜே. மாரெல்’ 1966 நவம்பர் 29 அன்று ஹ்யூரான் ஏரியில் உடைந்து 28 பேர் இறந்தார்கள், ஒருவர்தான் பிழைத்தார். 1948-க்கு முந்தைய எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது என்பது அப்போதைய விசாரணையில் முக்கியமாகப் பேசப்பட்டது. அதன் சகோதரக் கப்பல் ‘எட்வர்ட் ஒய். டவுன்சென்ட்’டின் மேல்தளத்திலும் அதே புயலில் விரிசல் விழுந்தது. அப்புறம் அது சரக்கு ஏற்றவே இல்லை.

ரிவெட் (தகடுகளை இணைக்கும் தறையாணி) அடித்த பழைய கப்பல் உடலில் வெல்டிங் செய்யும்போதும் இந்தக் கவனம் வேண்டும். வெல்டிங் சூட்டில் பக்கத்து ரிவெட்டுகள் தளர்ந்து தண்ணீர் கசியும். ஒரு கசிவை அடைக்கப் போய் நாலு கசிவு முளைக்கும். குளிர்ந்த தடித்த தகட்டை முன்கூட்டிச் சூடாக்காமல் வெல்டிங் வைத்தால் பற்று வேகமாக ஆறி, அதன் ஓரத்திலேயே விரிசல் விடும். விரிசலைச் சரிசெய்வதானால் அதன் நுனி எங்கே முடிகிறது என்று முதலில் கண்டுபிடித்து, அங்கே துளையிட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பிறகு விரிசலை முழுக்கக் குடைந்து எடுத்துவிட்டு வெல்டிங் செய்ய வேண்டும். மேலே ஒட்டுத்தகடு போடுவது துறைமுகம் போய்ச் சேரும்வரைக்கான ஏற்பாடு. அதையே நிரந்தரமாக விட்டால், இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து மறைவில் அரிக்கும்.

கட்டிப்போட்ட கப்பலில் ஆபத்தில்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. 2019 பிப்ரவரியில் டோலிடோ துறைமுகத்தில் குளிர்காலப் பராமரிப்புக்காகக் கட்டியிருந்த ‘செயின்ட் கிளேர்’ தீப்பிடித்து, பழுதுபார்க்க முடியாத அளவுக்கு நாசமானது. 2021 பிப்ரவரியில் ஸ்டர்ஜன் பே துறைமுகத்தில் ‘ரோஜர் பிளவ்’ எரிந்தது. கன்வேயர் பெல்ட் முழுக்க ரப்பர். பற்றிக்கொண்டால் அணைப்பது பெரும்பாடு. வெல்டிங் முடிந்த பிறகும் ஆள் நின்று பார்க்க வேண்டும், ஹீட்டரை அப்படியே விட்டுப் போகக்கூடாது, இரவிலும் தீ உணரிகள் வேலை செய்ய வேண்டும், அலாரம் அடித்தால் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். ஆட்கூலியை மிச்சப்படுத்த இதில் கைவைப்பவர்கள் கப்பலையே இழக்க நேரிடும்.

கடைசியாக, வேலை செய்பவர்களின் உடம்பு. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கும், பழைய நீராவிக் குழாய் உறைகளில் கல்நார் இருக்கும். 2016-இல் விஸ்கான்சினின் சுப்பீரியர் நகரக் கப்பல் தளம் ஒன்றில், 1959-இல் கட்டிய ‘ஹெர்பர்ட் சி. ஜாக்சன்’ நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியது. பழைய இரும்பை வெட்டிய தொழிலாளர்கள் ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை சுமார் 14 லட்சம் டாலர் அபராதம் விதிக்க நோட்டீஸ் அனுப்பியது. கட்டரைப் பற்றவைக்கும் முன் பெயின்டைச் சோதித்து, வெட்டும் கோட்டில் இருபுறமும் அதைச் சுரண்டி எடுத்து, சரியான முகமூடியும் காற்றோட்டமும் கொடுத்த பிறகுதான் ஆளை உள்ளே அனுப்ப வேண்டும். வேலை நடக்கும் காலம் முழுவதும் ரத்தத்தில் ஈய அளவைச் சோதித்துவர வேண்டும். இதற்கான நாட்களையும் பணத்தையும் மதிப்பீட்டிலேயே தனி வரியாகக் காட்டாத ஒப்பந்தத்தை மேற்பார்வைப் பொறியாளர் திருப்பி அனுப்பிவிடலாம்.