வகைக்கெழுவை வாய்ப்பாடு இல்லாமல் தொடங்குவது எப்படி?

வகைக்கெழு என்பது ஒரு கணத்தில் ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதன் அளவு. முதல் நாளே அதன் வாய்ப்பாட்டை (சூத்திரத்தை) பலகையில் எழுதிவிட்டால் பிள்ளைகள் கணக்கை மளமளவென்று போட்டுவிடுவார்கள். வந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் வகுப்பே கப்சிப். அதனால் முதல் பாடவேளையில் வாய்ப்பாடே வேண்டாம். சார்பு, வரைபடம், சாய்வு எல்லாம் தெரிந்த வகுப்பு என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சரிவில் ஒரு பந்து உருள்கிறது. 1 நொடியில் 1 மீட்டர், 2 நொடியில் 4 மீட்டர், அதாவது தூரம் நேரத்தின் வர்க்கம். சரியாக 1ஆவது நொடியில் அதன் வேகம் என்ன? கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

படி 2: இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் 1 முதல் 2 வரை, 1.5 வரை, 1.1 வரை, 1.01 வரை சராசரி வேகம் பார்க்கட்டும்: 3, 2.5, 2.1, 2.01. மற்றவர் 0.9இலிருந்து 1 வரை, 0.99இலிருந்து 1 வரை: 1.9, 1.99. கால்குலேட்டர் தாராளமாக இருக்கட்டும்.

படி 3: இந்தப் படிதான் பாடத்தின் உயிர். வேகம் கிட்டத்தட்ட 2ஆ, சரியாக 2ஆ, சொல்லவே முடியாதா? வாக்கெடுங்கள், ஆனால் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், முன்வரிசையைப் பார்த்து மற்றவர்களும் தூக்கிவிடுவார்கள். நெஞ்சருகே விரலைக் காட்டினால் போதும். பிறகு வேறு விடை சொன்னவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி வாக்கு. ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களில் இயற்பியல் வகுப்பில் கையாண்ட முறை இது. யாருக்குமே பிடிபடவில்லை என்றால் வாதம் வீண், ஒரு குறிப்பு கொடுங்கள்: 1 நொடிக்குப் பிறகு எவ்வளவு சிறிய இடைவெளி எடுத்தாலும் சராசரி வேகம் '2 + இடைவெளி' என்று சுருங்கும்.

உடனே ஒரு பிள்ளை எழுந்து, "வகுக்கும்போது இடைவெளி பூச்சியம் இல்லை, கடைசியில் மட்டும் பூச்சியமா?" என்று மடக்கும். கொண்டாடுங்கள்! 1734இல் தத்துவவாதி ஜார்ஜ் பெர்க்லி நியூட்டனின் நுண்கணித முறையை மடக்கியதும் ஏறக்குறைய இதே கேள்வியால்தான். பதிலை நீங்கள் சொல்ல வேண்டாம், விளையாட்டாக்குங்கள். ஒருவர் "2க்கும் சராசரி வேகத்துக்கும் வித்தியாசம் 0.001க்குள் வரணும்" என்று சவால் விடட்டும், மற்றவர் அதற்கேற்ற இடைவெளியைத் தரட்டும். எந்தச் சவாலுக்கும் பதில் உண்டு, பூச்சியத்தைப் போடவே தேவையில்லை என்று அவர்களே கண்டுபிடித்தால் எல்லை (limit) என்ற கருத்து பாதி வந்த மாதிரி.

படி 4: வரைபடம் வரையும் இணையச் செயலியான டெஸ்மாஸில் அதே வளைவரையை அந்தப் புள்ளியில் பெரிதாக்கிக்கொண்டே போனால் நேர்கோடாகத் தெரியும், அதன் சாய்வுதான் அந்த 2. அப்புறம் மட்டுச் சார்பை (|x|) பூச்சியத்தில் பெரிதாக்கச் சொல்லுங்கள், முனை அப்படியே நிற்கும், அங்கே ஒரே சாய்வு என்று எதுவும் இல்லை. ஜியோஜீப்ராவிலும் முடியும், ஆனால் பிள்ளைகள் கையில் கொடுக்க டெஸ்மாஸ்தான் என் தேர்வு. திறந்ததும் தட்ட ஆரம்பித்துவிடலாம்.

பின்சேர்க்கை: டியூஷனில் வகையிடல் (வாய்ப்பாட்டால் வகைக்கெழு காண்பது) படித்துவிட்டு வந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே 2 என்று சொல்லிவிடுகிறார்களே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்குச் சார்பைச் சொல்லாமல் நேரமும் தூரமும் உள்ள அட்டவணையை மட்டும் கொடுங்கள். வகையிட ஒன்றும் இல்லாததால் அவர்களும் 1.1, 1.01 என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.