வயலின் ஒலிப்பதிவின் சுருதி, காலப்பிரமாணம், பாவம்: குறித்து வைக்கும் முறை

வீட்டில் சேர்ந்துவிட்ட வயலின் ஒலிப்பதிவுகளுக்கு அட்டவணை தயாரிப்பவர்கள், சுருதி (ஆதார ஸ்வரத்தின் உயரம்), வேகம் (காலப்பிரமாணம்), பாவம் (இசை தரும் உணர்ச்சி) ஆகிய மூன்றையும் கைபேசிச் செயலியே நிரப்பிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். செயலி தரும் விடையைக் காதால் சரிபார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். புதுச்சேரியில் கர்நாடக வயலின் கற்பவரும் மேற்கத்திய வயலின் கற்பவரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால், இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், பதிவு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த ஒரு கல்யாணக் கச்சேரியை என் தந்தை கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அதைக் கணினிக் கோப்பாக மாற்றக் கொடுத்த இடத்தில் டெக் சற்று வேகமாக ஓடியிருக்கிறது. இரண்டு கட்டைக் கச்சேரி இரண்டரைக் கட்டையாகத் திரும்பி வந்தது (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). கேசட் அட்டையின் ஓரத்தில் அப்பா பென்சிலால் ‘2 கட்டை’ என்று எழுதியிருந்ததால்தான் பிழை பிடிபட்டது. ஓட்டம் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நிமிடத்துக்கு 80 தட்டாக இருந்த வேகமும் 85 ஆகிவிடும். இதைத் திருத்தும்போது, சுருதியும் வேகமும் சேர்ந்தே இறங்கும் வகையில் கோப்பின் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் வேகத்தில் உள்ள பிழை அப்படியே நின்றுவிடும்.

அடுத்தது சுருதி. கர்நாடக வயலினின் நான்கு தந்திகளும் ஸ (ஸட்ஜம் என்னும் ஆதார ஸ்வரம்), ப (பஞ்சமம்), ஸ, ப என்று கூட்டப்படுவதால், கச்சேரி தொடங்குமுன் கலைஞர் தந்திகளைச் சரிபார்க்கும் சில நொடிகள் பதிவில் இருந்தால் அவையே போதும். அப்பகுதி வெட்டப்பட்டிருந்தால் தம்புராவைக் கேளுங்கள். அதுவும் எடுபடவில்லையென்றால், ஆலாபனையின் (ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கும் பகுதி) முடிவில் வில் அசையாமல் நெடுநேரம் நிற்கும் ஸ்வரத்தைப் பிடியுங்கள். அந்த ஸ்வரத்தை ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ தேடினால், ‘சி’ ஒரு கட்டை, ‘டி’ இரண்டு கட்டை, ‘ஜி’ ஐந்து கட்டை என்று கணக்கு வந்துவிடும்.

செயலி மிகவும் சறுக்குவது இவ்விடத்தில்தான். ஓட்டத்தைச் சரிசெய்த பிறகும், இரண்டு கட்டையில் வாசித்த கரகரப்பிரியா ராகத்தை என் செயலி ‘சி மேஜர்’ என்ற மேற்கத்திய ஸ்வர வரிசையாகவே காட்டியது. அதன் மீது குற்றம் சொல்வதற்கில்லை: ‘டி’யை ஸட்ஜமாக வைத்த கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்களும் சி மேஜரின் ஏழு ஸ்வரங்களும் ஒன்றே. ஸட்ஜம் எது என்பது அதற்குத் தெரியாது. அதே இரண்டு கட்டையில் கல்யாணியை வாசித்தால் ‘ஏ மேஜர்’ என்றும், ஹரிகாம்போஜியை வாசித்தால் ‘ஜி மேஜர்’ என்றும் சொல்லும். ஆகவே நம் இசைக்குச் சுருதியை ஒரு கட்டத்திலும் ராகத்தை வேறொரு கட்டத்திலும் எழுதுவதே முறை.

மேற்கத்திய இசையில் படைப்பின் பெயருடனேயே சுருதி பெரும்பாலும் அச்சாகியிருக்கும் என்றாலும், அது படைப்பு முழுவதற்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. 1725-இல் அச்சான விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ தொகுப்பில் குளிர்காலத்துக்குரிய பகுதி எஃப் மைனரில் அமைந்தது. ஆனால் அதன் நடு அசைவு (மூவ்மென்ட் எனப்படும் உட்பிரிவு) ஈ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் தனி வரி வேண்டும். பழங்கால முறைக் கருவிகளில் வாசித்த பதிவு அரைக் கட்டை தாழ்ந்து ஒலித்தால் அதைப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அத்தகைய குழுவினர் பலர் ‘ஏ’ ஸ்வரத்தை 440-க்குப் பதிலாக 415 ஹெர்ட்ஸில் கூட்டுகிறார்கள்.

வேகத்துக்கு ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு களை (ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு) ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அதாவது 32 தட்டு, 24 நொடியில் முடிந்தால் நிமிடத்துக்கு 80. செயலி இதையே 160 என்றோ 40 என்றோ சொல்லக்கூடும். கையால் தாளம் போட்டுப் பார்த்தால் எது பொருந்துகிறது என்று உடனே தெரியும். பல்லவியில் ஒரு முறையும் தனி ஆவர்த்தனம் (தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதி) முடிந்த பின் ஒரு முறையும் அளப்பது நல்லது, ஏனெனில் கல்யாணக் கச்சேரிகளில் காலப்பிரமாணம் சற்று ஓடிவிடுவதுண்டு. ஆலாபனைக்குத் தாளமே கிடையாது. அங்கே எண் எதுவும் போட வேண்டாம்.

பாவத்தைக் கடைசியில், செயலியை மூடிவிட்டு எழுதுங்கள். மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்ற வாய்ப்பாடு மேற்கத்திய இசைக்கே முழுதும் பொருந்தாது. நம் ராகங்களுக்கு அறவே உதவாது. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் மேஜருக்கு உரியவைதாம், ஆயினும் அதன் ஜன்யமான (அதிலிருந்து பிறந்த) நீலாம்பரியைக் கேட்டுத் துள்ளுவார் யாருமில்லை. தாலாட்டுக்கு உரிய ராகம் அது. கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) எவ்வளவு அகலமாக அசைகிறது, வில் எந்த ஸ்வரத்தில் தங்குகிறது, மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்வரங்களில்) எவ்வளவு நேரம் செல்கிறது என்பவற்றைக் கவனித்து, பகுதிவாரியாக ஒன்றிரண்டு சொற்களில் எழுதினால் போதும்.

அப்பாவின் கேசட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரி இது: ‘சுருதி 2 கட்டை, கோப்பில் ஓட்டம் திருத்தப்பட்டது, கரகரப்பிரியா, ஆலாபனையில் ஏக்கம், வேகம் இல்லை, கீர்த்தனை ஆதி, 80-இல் தொடங்கி 86-இல் முடிகிறது, கம்பீரம், இடையில் பந்தி பரிமாறும் சத்தம்.’