மண்டபம் கரையில் சீலோமீட்டர் தரவைச் சோதிப்பது எப்படி?

சீலோமீட்டர் லேசர் துடிப்பை மேலே அனுப்பும். மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிடித்து, மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும். ஒளி போய்த் திரும்ப லட்சத்தில் ஒரு நொடி ஆனால் மேகம் 1,500 மீட்டரில் இருக்கிறது. கணக்கு இவ்வளவுதான். உப்புக்காற்றும் உச்சி வெயிலும் உள்ள ராமநாதபுரம் கரையில் அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி. முதல் முறையாக ஒரு மாத ஃபைலைத் திறப்பவர்களுக்கு இந்த வரிசை.

படி 1: ‘மேகம் இல்லை’ வேறு, ‘தெரியவில்லை’ வேறு

உயரம் எழுதப்படாத வரிகளை முதலில் பாருங்கள். வானம் தெளிவாக இருந்திருக்கலாம். மழையில் லேசர் மேலே போக முடியாமல் இருந்திருக்கலாம். கரண்ட் போய்க் கருவியே நின்றிருக்கலாம். எக்செல்லில் மூன்றும் காலி கட்டங்களாகவோ சாய்கோடுகளாகவோ -999 ஆகவோதான் தெரியும். அவற்றை 0 என்று நிரப்பினால் மேகம் தரையைத் தொட்டுவிடும். -999 ஐ வைத்துக்கொண்டே சராசரி எடுத்தால் மேகம் பூமிக்கு அடியிலேகூடப் போய்விடலாம். கருவி தரும் நிலைக் குறியீட்டைப் பார்த்து, மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். மற்ற படிகளெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

படி 2: நேரமும் அலகும்

பெரும்பாலும் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் கடிகாரம் அதைவிட 5.30 மணி முன்னால். சந்தேகம் வந்தால் சூரியனையே கேளுங்கள். ஏப்ரல் நடுவில் இங்கே நண்பகல் சுமார் 12.13க்கு வரும். பகல் வெளிச்சத்தால் வரும் இரைச்சல், அதாவது கருவியில் கலக்கும் வேண்டாத ஒளி, ஃபைலில் 6.43ஐ ஒட்டி உச்சம் தொட்டால் அது பொது நேரம்தான். உயரம் அடியிலா மீட்டரிலா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: கண்ணாடி

இந்தக் கரையில் பாதி வில்லங்கம் இங்கேதான். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு வரும். பைக் கண்ணாடியில் படியும் அதே பிசுபிசுப்புதான் லேசர் ஜன்னலிலும் படிகிறது. ஆடிக் காற்றில் மணலும் சேரும்.

இது சட்டென்று தெரியாது. தடித்த தாழ்மேகம் வழக்கம்போல் பதிவாகும். உயரத்தில் இருக்கும் மெல்லிய கீற்றுமேகங்கள் மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். மேலோட்டமாகப் பார்த்தால், வானம் நாளுக்கு நாள் தெளிந்துவருவதாகத்தான் தோன்றும். ஜன்னலின் ஒளி ஊடுருவல் அளவைத் தனியாக வரைந்து பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கி, மழை பெய்த நாளிலோ துடைத்த நாளிலோ சட்டென்று ஏறினால், அது உப்பு. அந்த இறக்கத்தில் ‘மேகம் இல்லை’ என்று வந்ததைச் ‘சந்தேகம்’ என்று மாற்றுங்கள்.

துடைக்கும்போது காய்ந்த துணி வேண்டாம். மணல் கண்ணாடியைக் கீறிவிடும். நம் ஊர் போர் தண்ணீரும் வேண்டாம், அது காய்ந்தால் இன்னொரு உப்புப் படலம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கழுவிவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். தேதியும் நேரமும் நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டு இல்லாத தரவை நான் பாதி தரவு என்றுதான் சொல்வேன்.

படி 4: தலைக்கு மேலே சூரியன்

ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். நேரே பார்க்கும் கருவிக்குள் வெயில் இறங்கினால் உணரி கெட்டுவிடக்கூடும். அதனால் கருவியைச் சாய்த்து வைப்பார்கள். 12 டிகிரி சாய்வில் 3,000 மீட்டர் என்று வருவது உண்மையில் 2,934 மீட்டர்தான். சில கருவிகள் இதைத் தாமே திருத்திவிடும். அமைப்பைப் பார்க்காமல் நீங்களும் ஒரு முறை திருத்தி வைக்காதீர்கள்.

படி 5: மேகம் போல் நடிக்கும் ஈரம்

விடியற்காலையில் ஈரப்பதம் ஏறும்போது காற்றிலுள்ள கடலுப்புத் துகள்கள் நீரை இழுத்து வீங்கும். திரும்பும் ஒளி கூடும். கருவி சில சமயம் அதையும் தாழ்மேகம் என்று எழுதிவிடும். மேகத்தின் அடியில் சிக்னல், அதாவது திரும்பும் ஒளியின் அளவு, சட்டென்று எழும். ஈரத்தில் மெல்ல மெல்லத்தான் ஏறும்.

படி 6: ஒப்பிடுங்கள், அழிக்காதீர்கள்

பாம்பன் வானிலை நிலையத்தின் பதிவோடு ஒப்பிடலாம். ஆனால் அங்கே எழுதும் மேக அளவு முழு வானத்தையும் எட்டுப் பங்காக வைத்துச் சொல்வது. உங்கள் லேசர் பார்ப்பது ஒரே ஒரு புள்ளியை. ஒரு நிமிட அளவை வைத்துச் சண்டைக்குப் போகாமல், அரை மணி நேர அளவுகளைச் சேர்த்துப் பாருங்கள். சந்தேக வரிகளை நீக்காமல் பக்கத்தில் புது நெடுவரிசை சேர்த்து ‘உப்பு’, ‘வெயில்’, ‘ஈரம்’, ‘மழை’ என்று காரணத்தை எழுதுங்கள். மூல ஃபைலை அப்படியே வேறு ஃபோல்டரில் வையுங்கள்.