உப்பு, சர்க்கரை வச்சு அயனிச் சேர்மம், மூலக்கூறு சேர்மம் பிரிச்சுப் பாக்கலாம் வாங்க

ரெண்டு மூணு தனிமம் வேதியியல் முறைல சேந்தா அது சேர்மம். மின்சுமை உள்ள அயனிங்க, அதாவது நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும், ஒன்னையொன்னு ஈர்த்து சேந்திருந்தா அயனிச் சேர்மம், அணுக்கள் எலக்ட்ரான பகிர்ந்து தனித்தனி மூலக்கூறா இருந்தா மூலக்கூறு சேர்மம். ஒரு சேர்மத்தோட பேர பாத்ததும் மொதல்ல அதுல உலோகம் இருக்கான்னு பாருங்க. உலோகமும் அலோகமும் (உலோகம் இல்லாத தனிமம்) சேந்திருந்தா பெரும்பாலும் அயனி, எல்லாமே அலோகம்னா பெரும்பாலும் மூலக்கூறு. சோடியம் குளோரைடு (நம்ம சாப்பாட்டு உப்பு), கால்சியம் ஆக்சைடு எல்லாம் மொத வகை, தண்ணி, கார்பன் டை ஆக்சைடு, சர்க்கரை ரெண்டாவது.

நிறைய பசங்க இத மனப்பாடம் பண்ணிட்டு உள்ள என்ன நடக்குதுன்னு விட்டுடறாங்க, அதான் எனக்கு வருத்தம். உப்புக்குள்ள தனித்தனி மூலக்கூறுன்னு எதுவுமே கிடையாது, ஒவ்வொரு சோடியம் அயனிய சுத்தியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைட சுத்தியும் 6 சோடியம், இப்படியே படிகம் முழுக்க போகுது, அத்தனை ஈர்ப்பையும் தளர்த்தணும்னா 801 டிகிரி செல்சியஸ் சூடு வேணும். சர்க்கரைல ஒரு மூலக்கூறுக்குள்ள பிடிப்பு பலம்தான், ஆனா பக்கத்து மூலக்கூறோட பிடிப்பு கம்மி, அதனால வாணல்லயே உருகி பழுப்பாயிடும்.

செஞ்சு பாக்கணும்னா 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்ஈடி (குட்டி விளக்கு), 470 ஓம் ரெசிஸ்டர் (கரண்ட கட்டுப்படுத்துறது), ரெண்டு பென்சில் லெட் (பென்சிலுக்குள்ள இருக்குற கருப்பு குச்சி) போதும், எல்லாத்தையும் வரிசையா இணைச்சு லெட் ரெண்டையும் ஒன்னோட ஒன்னு படாம தண்ணில வைங்க. வீட்டு பிளக்ல மட்டும் எதையும் சொருகவே கூடாது. குழாய் தண்ணி வேணாம், அதுலயே உப்பு இருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக்கோங்க. சர்க்கரை கரைச்சா எல்ஈடி எரியாது, உப்பு கரைச்சா அயனிங்க பிரிஞ்சு நகந்து கரண்ட கடத்தும், அதனால எரியும். உப்பு கரைசல்ல கொஞ்சம் குளோரின் வரலாம், ஜன்னல தொறந்து வச்சு சில வினாடில முடிச்சிடுங்க. காஞ்ச உப்புல லெட்ட குத்தினா எரியாது, அயனி இருந்தும் நகர முடியலல்ல.

ஆனா இத மட்டும் வச்சு முடிவு கட்டாதீங்க. சுண்ணாம்புக்கல் பவுடர் (கால்சியம் கார்பனேட்) அயனிதான், கிட்டத்தட்ட கரையாததால எரியாது. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு வாயு, ஆனா தண்ணில கரைஞ்சா அயனியா பிரிஞ்சு கரண்ட கடத்தும். அம்மோனியம் குளோரைடுல உலோகமே இல்ல, ஆனாலும் அயனிதான், அதனால அம்மோனியம்னு கண்டா உஷாராயிடுங்க. மணல்ல இருக்குற சிலிக்கா ரெண்டுலயும் சேராது, அது முழுக்க சகப்பிணைப்பால (அணுக்கள் எலக்ட்ரான பகிர்ந்துக்கற பிணைப்பு) பின்னின ஒரே வலை, அத தனியா படிக்கணும்.