ஆய்விதழ் மென்பொருளில் பெயர் கசியும் இடங்களும் வேறு சில தவறுகளும்

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், அதே ஊரில் கடற்பாசி ஆராய்ச்சி நிலையம், வடக்கே தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை. மன்னார் வளைகுடாவையும் பாக் விரிகுடாவையும் பற்றி எழுதுகிறவர்களும் அந்தக் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான். அதனால் இந்தக் கரையிலிருந்து போகும் கட்டுரைகளில் அதிகம் கெடுவது பெயர் மறைப்பு, அதாவது எழுதியவர் யாரென்று மதிப்பிடுகிறவருக்கும், மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாமல் வைப்பது. ஓ.ஜே.எஸ், எடிட்டோரியல் மேனேஜர், ஸ்காலர்ஒன் என ஆய்விதழ்கள் கட்டுரை வாங்கும் எந்த மென்பொருளானாலும் படிவத்தில் தட்டிய பெயரைத்தான் மறைக்கும். கோப்புக்குள் இருப்பதை எழுதியவர்தான் நீக்க வேண்டும்.

முதலில் வேர்டு கோப்பு. பெயர் உள்ள தலைப்புப் பக்கத்தை எடுத்துவிட்டாலும், யார் கணினியில் உருவானது என்ற விவரம் கோப்பிலேயே இருக்கும். ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போய், 'டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற வரிசைக்கு மட்டும் ரிமூவ் ஆல் கொடுங்கள். கமென்ட்ஸ் வரிசைக்கும் தனியாக ஒரு ரிமூவ் ஆல் உண்டு. திருத்தக் குறிப்பு எழுதிய மதிப்பீட்டாளர் அவசரத்தில் அதையும் அழுத்தினால் இத்தனை நேரம் எழுதிய குறிப்புகள் எல்லாம் போய்விடும். முதலில் ஒரு பிரதியைத் தனிப் பெயரில் சேமித்துவிட்டு, அதில் இதைச் செய்வதே பத்திரம்.

அடுத்தது கட்டுரையின் உடம்பு. குருசடை, பூமரிச்சான், மனோலி போன்ற தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வருவதால் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதி எண்ணை ஆய்வுமுறைப் பகுதியில் அப்படியே எழுதினால், யாருடைய திட்டம் என்பது தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்ற சொற்றொடர், நிறுவனத்தின் படகுப் பெயர், ஆய்விட வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் முத்திரை, நன்றியுரை எல்லாமே காட்டிக்கொடுக்கும். நன்றியுரையையும் அனுமதி எண்ணையும் தலைப்புப் பக்கக் கோப்பில் வையுங்கள். முந்தைய கட்டுரையை மூன்றாம் ஆள் எழுதியது போலச் சுட்டுங்கள். இவ்வளவும் செய்தாலும் ஆளை ஊகிக்கிறவர் ஊகிப்பார் என்பது உண்மைதான், ஆனால் ஊகம் வேறு, கையெழுத்தோடு அனுப்புவது வேறு.

பதிப்பாசிரியர் பக்கத்தில் நடக்கும் தவறு இன்னும் எளிது. ஓ.ஜே.எஸ்ஸில் கட்டுரையை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது எந்தெந்தக் கோப்புகள் போக வேண்டும் என்று டிக் பட்டியல் வரும். பார்க்காமல் அடுத்ததுக்குப் போனால் தலைப்புப் பக்கமும் சேர்ந்து போய்விடும். மதிப்பீட்டாளருக்கோ கருத்து எழுத இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்றை ஆசிரியரும் பதிப்பாசிரியரும் பார்ப்பார்கள், மற்றதைப் பதிப்பாசிரியர் மட்டும். 'இந்தத் தரவு நம்பும்படி இல்லை' என்பதை எந்தப் பெட்டியில் எழுதுகிறோம் என்று ஒருமுறை மேலே பார்த்துவிட்டு எழுதுங்கள். அதையும் வேர்டில் தட்டிவிட்டு ஒட்டுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால் பெட்டிக்குள் சேமிக்காமல் இருந்தது திரும்ப வராது.

மதிப்பீட்டாளரைப் பரிந்துரைக்கச் சொன்னால் பக்கத்து அறைக்காரரையும் பழைய வழிகாட்டியையும் போடாதீர்கள். கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பு போல பணமும் சர்ச்சையும் கலந்த பொருள் என்றால், வளர்ப்புத் திட்டத்தில் ஆலோசகராக இருப்பவரை அழைக்கும்முன் பதிப்பாசிரியர் ஆதாயத் தொடர்பு உண்டா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். பரிந்துரைக்கப்பட்டவரின் மின்னஞ்சல் இலவசக் கணக்கு என்றால் அவர் நிறுவனப் பக்கத்தில் சரிபார்த்த பிறகே அழைப்பு அனுப்புங்கள்.

திருத்தம் கேட்டு வந்த கட்டுரையைப் புதிய சமர்ப்பிப்பாக ஏற்றுவது ஆசிரியர்களின் நித்தியத் தவறு. புது எண் விழும், பழைய மதிப்பீடுகள் பழைய எண்ணோடு நின்றுவிடும். அதே சமர்ப்பிப்பைத் திறந்து, ரிவியூ பகுதியில் உள்ள ரிவிஷன்ஸ் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும். பதிப்பாசிரியரும் திருத்தம் கேட்கும்போது மறுபடி மதிப்பீட்டுச் சுற்று உண்டா, இல்லையா என்ற தெரிவைக் கவனிக்க வேண்டும். முடிவை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு மென்பொருளில் பதியாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து யார் என்ன சொன்னார் என்பதற்குச் சான்றே இருக்காது.

பெயர்ப் பெட்டியில் இனிஷியல் படுத்தும் பாடு தனி. முருகேசன் என்பவரின் இனிஷியல் கே என்றால், கிவன் நேம் பெட்டியில் கே, ஃபேமிலி நேம் பெட்டியில் முருகேசன் என்று போட்டால் மேற்கோளில் 'முருகேசன் கே' என்று வரும். மாற்றிப் போட்டால் 'கே எம்' என்று வந்து, தேடினாலும் கிடைக்காது. ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தரும் ஆர்க்கிட் (ORCID) கணக்கிலும் அதே வடிவம் இருக்கட்டும். தமிழ்ச் சுருக்கம் கேட்கும் இதழ்களில் பாமினி எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இனி, சிறு இதழ் ஒன்றைத் தாங்களே நடத்தத் துணிகிறவர்களுக்கு. ஓ.ஜே.எஸ் இலவசம், கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் 2001இல் வெளியிட்டது. சர்வர் அமைப்பில்தான் வினை. ஓ.ஜே.எஸ் இயங்கும் பி.எச்.பி. மொழியின் அப்லோட் வரம்பு இயல்பாக 2 எம்பி, என்ஜினெக்ஸ் சர்வரில் 1 எம்பி. பவளப்பாறைப் படங்கள் சேர்ந்த கட்டுரை ஏறவே ஏறாது. 50 எம்பி வைத்து, படிவம் முழுவதற்குமான போஸ்ட் வரம்பை அதைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். கோப்புகள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) பொது வலை அடைவுக்கு வெளியே வைக்காவிட்டால், வெளிவராத கட்டுரைகளை யாரும் முகவரி தட்டியே எடுத்துவிடலாம். நேர மண்டலம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யிலேயே இருந்தால் கெடு தேதிகள் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும், ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. அமைக்காமல் விட்டால் அழைப்பு மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழும், மதிப்பீட்டாளர் மௌனமாக இருக்கிறார் என்று பதிப்பாசிரியர் வீணாகக் கோபிப்பார்.

பேக்கப் எடுக்கும்போது தரவுத்தளம் மட்டும் போதாது. கோப்பு அடைவு, பப்ளிக் அடைவு, கான்ஃபிக் கோப்பு மூன்றும் அதே நாளில் சேர்ந்து வர வேண்டும். எடுத்ததை வேறொரு கணினியில் ஏற்றி ஒரு கட்டுரையையாவது திறந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஓ.ஜே.எஸ்ஸை மேம்பதிப்புக்கு (அப்கிரேட்) மாற்றுவதில் கை வையுங்கள்.