விரல் ஓடாத கைக்கு ஒரு போன்

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு வீடு திரும்பியவருக்கு முதலில் என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சக்கர நாற்காலி, மெத்தையெல்லாம் டாக்டரும் பிசியோவும் சொன்னபடி வாங்குங்கள். அதற்கு நடுவே, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆண்ட்ராய்டு போனை அவரே இயக்கும்படி செய்துவிடுங்கள்.

நான் தென்னையிலிருந்து விழுந்தவன். அடிபட்டது சி6, அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம். தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்க முடியும், விரல்கள் ஓடாது. போனை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் பொழுதுபோக்கு அல்ல. டி6, அதாவது நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்கு, மூத்திரம் போக வைத்திருக்கும் குழாய் மடங்கி அடைத்தாலே ரத்த அழுத்தம் திடீரென ஏறும். தலை இடிக்கும், முகம் வியர்த்துக் கொட்டும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடக்கூட அவருக்கு வழியில்லை என்றால் என்ன ஆகும்?

முதலில் எது அசைகிறது என்று பாருங்கள். மணிக்கட்டு தூக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளங்கையைச் சுற்றிப் போடுகிற மாதிரி இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெல்க்ரோ பட்டை, அதன் உள்பக்கம் ஒரு சின்னப் பை. தையல்காரரிடம் சொன்னால் தைத்துவிடுவார். அந்தப் பையில் ஸ்பூனைச் செருகினால் சாப்பிடலாம், ரப்பர் முனை வைத்த தொடுதிரைப் பேனாவைச் செருகினால் போனைத் தட்டலாம். இங்கேதான் பலர் பேனா கெட்டுப்போனது என்று தூக்கிப் போடுகிறார்கள். இந்தச் சாதாரணப் பேனாக்கள் உடம்போடு மின்தொடர்பு இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். துணிப்பை நடுவில் மறைத்தால் திரை அசையாது. பையின் உள்பக்கத்தில் ஒரு துளை விட்டு, பேனாவின் உலோக உடல் தோலில் படும்படி வையுங்கள். பட்டையைக் கழற்றும்போதெல்லாம் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தோலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் அழுத்துவது அவருக்குத் தெரியாமல் போகலாம்.

பட்டையோடு சேர்த்து ஒன்று. மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும். அந்த மடக்கில்தான் நாங்கள் தம்ளர் பிடிக்கிறோம், போனை எடுக்கிறோம். பாசத்தில் கையை நீவிவிடுகிறவர்கள், மணிக்கட்டு மேலே வளைந்திருக்கும்போது விரல்களையும் சேர்த்து நேராக நீட்டி இழுக்காதீர்கள். விரலை மடக்கும் தசைநாண் தளர்ந்துபோனால் அந்தப் பிடியும் போய்விடும்.

போனைக் கையில் பிடிக்கத் தேவையில்லை. கட்டில் சட்டத்திலோ நாற்காலியிலோ இறுக்குகிற வளையும் கம்பி ஸ்டாண்டு கடைகளில் கிடைக்கிறது. படுத்திருப்பவருக்கு முகத்துக்கு நேர் மேலே வைக்காதீர்கள், விழுந்தால் தடுக்கக் கை வராது. சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ் போய், உடல் இயக்கம் குறைந்தவர்களுக்கான வசதிகள் இருக்கும் அக்சசிபிலிட்டியைத் திறங்கள். தொட்டு அழுத்தும் நேரத்தை நீளமாக்குங்கள். கை நடுங்கி நின்றாலும் வேண்டாத மெனு திறக்காது. அக்சசிபிலிட்டி மெனுவை ஆன் செய்தால் ஒலி, பூட்டு போன்றவை திரையிலேயே பெரிய பொத்தான்களாக வரும், ஓரப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

கை தோளுக்குக் கீழே அசையவே இல்லையென்றால் குரல். பிளே ஸ்டோரில் கூகுளின் வாய்ஸ் அக்சஸ் இலவசம். கட்டளைகளை நான் ஆங்கிலத்தில்தான் சொல்கிறேன், பத்துப் பன்னிரண்டு போதும்: ஓப்பன் வாட்ஸ்அப், ஸ்க்ரோல் டவுன், கோ பேக். பெயரில்லாத பொத்தானைத் தொட ஷோ நம்பர்ஸ் என்றால் திரையெங்கும் எண்கள் வரும், எண்ணைச் சொன்னால் போதும். செய்தி எழுத, கூகுள் கீபோர்டான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் மைக்கில் தமிழிலேயே பேசலாம். அடிபட்டது மேலே போகப் போக மூச்சும் குரலும் சன்னமாகும். ஃபேன் சத்தம் அதை விழுங்கிவிடும். மைக் உள்ள இயர்போன் போட்டுவிடுங்கள்.

குரலும் களைத்துப்போகிறவருக்கு, ஆண்ட்ராய்டு 12 முதல், முக அசைவாலேயே போனை இயக்கும் கேமரா ஸ்விட்ச் இருக்கிறது. புருவம் தூக்குவது, சிரிப்பது, வாய் திறப்பது ஒவ்வொன்றையும் ஒரு கட்டளையாக வைக்கலாம். மெதுவானதுதான், ஆனால் தனக்குத்தானே செய்துகொள்வது.

போன் இயங்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அலாரம் வையுங்கள். நாற்காலியில் இருக்கும் நேரமெல்லாம் அரை மணிக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து இரண்டு நிமிடம் பிட்டத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடக்க நேரும். சார்ஜ் ஏறும் போனையோ பவர் பேங்கையோ தொடைமேல் வைக்கக் கூடாது, சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

கடைசியாகப் பூட்டு. முகத்தால் திறப்பதை அவர் முகத்துக்கே பதியுங்கள், பின் நம்பரை அவரே தேர்ந்தெடுக்கட்டும். குளிப்பாட்டுவது முதல் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கிற மனிதர் அவர். அவருக்கு வரும் செய்தியை அவர் மட்டும் படிக்கட்டும். கேட்டால் மட்டும் உதவிக்குப் போங்கள்.